எமனின் 'நாலு கண்' நாய்... மூணு தலை செர்பெரஸ்... புராணங்களில் நாய் ஏன் இவ்வளவு பயங்கரமா வருது? திருவண்ணாமலை மாவட்டத்துக் கல் சொல்லும் பதில்!

ராத்திரி ஒரு மணி. ஆரணியில் தறிச் சத்தம் எல்லாம் அடங்கிவிட்ட நேரம். தெருமுனையில் ஒரு நாய் தலையைத் தூக்கி ஊளையிடுகிறது. அடுத்த தெருவில் இருந்து இன்னொரு நாய் பதில் கொடுக்கிறது. வீட்டுக்குள் படுத்திருக்கும் பாட்டி மெதுவாகச் சொல்வார்: "எமன் வர்றது நாய் கண்ணுக்குத் தெரியும்பா. எந்த வீட்ல என்ன ஆவப் போவுதோ..."

ஆரணியில் மட்டும் இல்லை, தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் கேட்கக்கூடிய பேச்சு இது. ஆனா இந்த ஒரு வரி நம்பிக்கைக்குப் பின்னால் மூவாயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கு. கிரேக்கம், ஸ்காண்டிநேவியா, எகிப்து, மெக்சிகோ என்று உலகத்தின் பல மூலைகளில், சாவுக்கும் உயிருக்கும் நடுவில் ஒரு நாயோ ஓநாயோ நிற்கிறது.

ஒருத்தரை ஒருத்தர் பார்க்காத மக்கள் எப்படி ஒரே மாதிரி கதையைச் சொன்னாங்க? இந்தப் பயங்கர நாய்கள் எங்கிருந்து வந்தன? விரிவாகப் பார்க்கலாம்.

எமன் வீட்டுக் காவல் நாய்கள்

நம்ம பக்கத்தில் இருந்தே ஆரம்பிப்போம். ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில், இறந்தவர் போகும் வழியைப் பற்றி ஒரு பாடல் இருக்கிறது. அந்த வழியைக் காவல் காப்பவை இரண்டு நாய்கள். அவற்றுக்கு நாலு கண். அகன்ற மூக்கு. மனிதர்கள் நடுவே சுற்றித் திரியும் எமனின் தூதர்கள் என்றும் அந்தப் பாடல் அவற்றைச் சொல்கிறது. பிற்கால நூல்களில் இவை சியாமம், சபலம் என்று பெயர் பெறுகின்றன. அதாவது ஒன்று கருப்பு, இன்னொன்று புள்ளி போட்டது.

இவை 'சரமா' என்ற தெய்வ நாயின் பிள்ளைகள். சரமா யார்? இந்திரனின் நாய். களவு போன பசுக்களை மோப்பம் பிடித்துப் போய்க் கண்டுபிடித்த நாய். இந்த மாட்டுக் களவு விஷயத்தை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் திருவண்ணாமலை மாவட்டத்துக்கு வரும்போது இது தேவைப்படும்.

மகாபாரதத்தையும் கவனியுங்கள். ஆதிபருவத்தின் தொடக்கத்தில், யாக இடத்துக்கு வந்த தன் குட்டியை ஜனமேஜயனின் தம்பிகள் காரணமில்லாமல் அடித்ததற்காக இதே சரமா சாபம் கொடுக்கிறாள். காவியத்தின் கடைசியில், கூடவே வந்த நாயை விட்டுவிட்டு சொர்க்கத்துக்கு வரமாட்டேன் என்று தருமர் பிடிவாதம் பிடிக்கிறார். அந்த நாய்தான் தர்மதேவதை என்று பிறகு தெரிகிறது. அவ்வளவு பெரிய கதையின் தொடக்கத்திலும் முடிவிலும் நாய்!

நாலு கண் நாய் நிஜத்தில் இருக்கா?

இருக்கு, ஒரு விதத்தில். கண்ணுக்கு மேலே புருவம் இருக்கும் இடத்தில் இரண்டு பழுப்புப் புள்ளி உள்ள கருப்பு நாய்களை நீங்கள் தெருவிலேயே பார்த்திருப்பீர்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் நாலு கண் மாதிரியே தெரியும்.

இது வெறும் ஊகம் இல்லை. பார்சி மக்களிடம் 'சக்தீத்' என்று ஒரு பழைய சடங்கு உண்டு. நாயின் பார்வை என்று பொருள். இறந்தவரின் உடல் அருகே நாயைக் கொண்டுவந்து பார்க்க வைப்பார்கள். அதற்கு அவர்களுடைய நூல்கள் கேட்பது 'நாலு கண்' நாயைத்தான். கண்ணுக்கு மேல் இரண்டு புள்ளி உள்ள நாயையே அது குறிக்கிறது என்பது நீண்ட கால விளக்கம். இறந்தவர்கள் கடக்க வேண்டிய பாலத்திலும் நாய்கள் காவல் நிற்பதாக அவர்களின் மரபு சொல்கிறது.

கிரேக்கம்: உள்ளே போகலாம், வெளியே வர முடியாது

கிரேக்கர்களின் பாதாள உலக வாசலில் நிற்பது செர்பெரஸ். இன்று எல்லோருக்கும் தெரிந்தது மூணு தலை நாய். ஆனா கவிஞர் ஹெசியோட் பழங்காலத்திலேயே இதற்கு 50 தலை என்று சொல்லிவிட்டார்! பிற்கால ஓவியர்களும் கதைசொல்லிகளும்தான் அதைப் பெரும்பாலும் மூணாக்கினார்கள். வாலுக்குப் பதில் பாம்பு வந்து சேர்ந்தது.

செர்பெரஸின் வேலை விசித்திரமானது. உள்ளே வருகிறவர்களை அது தடுக்காது. வெளியே போக முயற்சி செய்தால்தான் பிடிக்கும். மாவீரன் ஹெராக்ளிசுக்குக் கொடுக்கப்பட்ட 12 வேலைகளில் கடைசியானது இந்த நாயை மேலே இழுத்து வருவது. அப்போது அதன் வாயில் இருந்து நுரை சிந்தியது, நுரை விழுந்த இடத்தில் விஷச்செடி முளைத்தது என்கிறது கதை. வாயில் நுரை, அந்த நுரையில் விஷம். இதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வடக்கே ஓநாய்: உலகத்தை விழுங்கும் ஃபென்ரிர்

குளிர் அதிகமான ஸ்காண்டிநேவியாவில் நாயை விட ஓநாய்க்குத்தான் முதல் இடம். ஃபென்ரிர் என்ற ராட்சத ஓநாய் வளர்ந்துகொண்டே போகிறது. கடவுள்களே பயந்து அதைக் கட்டிப்போடப் பார்க்கிறார்கள். இரும்புச் சங்கிலி எல்லாம் அறுந்துவிடுகிறது.

கடைசியில் ஒரு மாயக் கயிறு செய்கிறார்கள். பூனையின் காலடிச் சத்தம், பெண்ணின் தாடி, மலையின் வேர், மீனின் மூச்சு போன்ற உலகத்தில் இல்லாத பொருட்களால் ஆன கயிறு. பார்க்க பட்டு நாடா மாதிரி மெல்லிசாக இருக்குமாம். ஆரணிக்காரர்களுக்குத் தெரியும், பட்டு இழை பார்க்கத்தான் மெல்லிசு! நம்பிக்கைக்கு அடையாளமாக ஃபென்ரிரின் வாயில் கையை வைத்த 'டிர்' என்ற கடவுள் அந்தக் கையை இழக்கிறார். உலகம் அழியும் நாளில் கட்டு அறுந்து, தலைமைக் கடவுள் ஓடினையே ஃபென்ரிர் விழுங்கும் என்கிறது கதை.

சூரியனையும் நிலவையும் துரத்திக்கொண்டே ஓடும் ஓநாய்களும் இதே மரபில் உண்டு. சீனாவில் கிரகணத்தன்று நிலவை விழுங்குவது வானத்து நாய். நம்ம ஊரில் அந்த வேலையை ராகு, கேது செய்கிறார்கள்.

எகிப்து முதல் இங்கிலாந்து வரை

எகிப்தில் இறந்தவர்களைப் பார்த்துக்கொள்பவர் நரி போன்ற தலை கொண்ட அனூபிஸ். மெக்சிகோவின் அஸ்டெக் மக்களின் நம்பிக்கையில், இறந்தவர் பாதாள உலகத்து ஆற்றைக் கடக்க நாய்தான் உதவ வேண்டும்.

இங்கிலாந்தில் 'பிளாக் ஷக்' என்ற கருப்புப் பேய் நாய் பிரபலம். 1577 ஆகஸ்ட் 4-ம் தேதி பங்கே என்ற ஊரின் தேவாலயத்துக்குள், பெரும் இடி மின்னல் புயலின் நடுவே ஒரு கருப்பு நாய் பாய்ந்து ஆட்களைக் கொன்றதாக அப்போதே சிறு நூல் அச்சாகி வந்தது. தேவாலயத்தின் மேல் மின்னல் விழுந்ததுதான் உண்மையில் நடந்தது என்பதே இன்றைய விளக்கம். இப்படிப்பட்ட கருப்பு நாய்க் கதைகளை வைத்துத்தான் பிற்காலத்தில் ஷெர்லாக் ஹோம்ஸின் புகழ்பெற்ற பாஸ்கர்வில் நாய் நாவல் பிறந்தது.

எல்லா ஊரிலும் ஒரே கதை ஏன்?

ஒரே ஒரு காரணம் இல்லை. ஆய்வாளர்கள் சொல்லும் முக்கியமான விளக்கங்கள் இவை.

1. ஒரே தாத்தாவின் கதை: வேத மொழி, பாரசீகம், கிரேக்கம், ஸ்காண்டிநேவிய மொழிகள் எல்லாம் ஒரே மொழிக் குடும்பம். அந்த மூல மக்களிடம் இருந்த 'சாவின் வாசலில் நாய்' கதைதான் நாலு திசைக்கும் பிரிந்து போனது என்பது ஒரு கருத்து. சபலம், செர்பெரஸ் இரண்டும் ஒரே சொல்தான் என்று 19-ம் நூற்றாண்டு அறிஞர்கள் சிலர் சொன்னார்கள். அதை இன்றைய மொழியியலாளர்கள் பலர் ஏற்பதில்லை. ஆனா கதை ஒற்றுமையை யாரும் மறுக்கவில்லை.

ரஷ்யாவின் கிராஸ்னோசமார்ஸ்கோயே என்ற இடத்தில் சுமார் கி.மு. 1900 முதல் 1700 வரையிலான காலத்தைச் சேர்ந்த 50-க்கும் மேற்பட்ட நாய்களின் எலும்புகளும், சில ஓநாய்களின் எலும்புகளும் கிடைத்தன. குளிர்காலத்தில் வெட்டப்பட்டவை அவை. இளைஞர்கள் 'ஓநாய்களாக' மாறிப் போர்க்கூட்டத்தில் சேரும் சடங்கு அது என்பது அகழாய்வு செய்தவர்களின் விளக்கம்.

2. சுடுகாட்டுக் காட்சி: எகிப்தும் மெக்சிகோவும் அந்த மொழிக் குடும்பத்தில் இல்லை. அப்படின்னா அங்கே எப்படி வந்தது? பதில் எளிமையானது. ஆழமில்லாமல் புதைத்த உடலைத் தோண்டுவது, போர்க்களத்தில் கிடக்கும் பிணத்தைத் தின்பது எல்லாம் நாய், நரி, ஓநாய்தான். சாவு இருக்கும் இடத்தில் இவை இருந்ததை மக்கள் கண்ணால் பார்த்தார்கள். பிணத்தைத் தோண்டும் மிருகத்தையே பிணத்துக்குக் காவலாக ஆக்கிவிட்டால் பயம் குறையும். அனூபிஸ் அப்படிப் பிறந்தவர் என்பது பலரும் ஏற்கும் விளக்கம்.

3. எரியும் கண்கள்: பேய் நாய்க் கதைகளில் கண் நெருப்பு மாதிரி எரியும். நிஜ நாய்க்கும் அப்படித்தான். அதன் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கு. மங்கிய வெளிச்சத்தில் நன்றாகப் பார்க்க உதவுவது அதுதான். பைக் லைட் பட்டதும் நாயின் கண் பளிச்சென்று மின்னுவதும் அதனால்தான். தீப்பந்தத்தோடு நடந்த காலத்தில் அது எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். மனிதக் காதுக்கு எட்டாத சத்தமும் நாய்க்குக் கேட்கும். அதனால் 'எதுவுமே இல்லாத' இருட்டைப் பார்த்து அது குரைக்கும்போது, நமக்குத் தெரியாத யாரோ வருவதாகத் தோன்றுகிறது. பாட்டி சொல்லும் எமன் வருவது இந்த வழியாகத்தான்.

4. நிஜமான கொலைகள்: பிரான்சின் ஜெவோடான் பகுதியில் 1764 முதல் 1767 வரை சுமார் 100 பேர் ஒரு மிருகத்துக்குப் பலியானார்கள். மன்னர் பதினைந்தாம் லூயியே ஆட்களை அனுப்பினார். கடைசியில் சுட்டு வீழ்த்தப்பட்டவை ஓநாய் வகை மிருகங்களே. ஆனா பரவிய கதையில் அது ராட்சதன். 2024-ல் உத்தரப் பிரதேசத்தின் பஹ்ராய்ச் மாவட்டத்தில் ஓநாய்கள் குழந்தைகளைத் தூக்கிச் சென்றபோதும், 'பழிவாங்கும் ஓநாய்' என்று கதைகள் பரவின. இந்திய ஓநாய் சுமார் 20 கிலோ எடை கொண்ட, அழிவின் விளிம்பை நோக்கிப் போகும் மிருகம் என்பது அந்தப் பேச்சில் மறைந்துபோனது.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். நிஜமாகவே வாழ்ந்து அழிந்துபோன 'டயர் ஓநாய்'தான் ஃபென்ரிரா? வாய்ப்பில்லை. அது வாழ்ந்தது அமெரிக்கக் கண்டங்களில். ஸ்காண்டிநேவியக் கதைகள் பிறப்பதற்குப் பல ஆயிரம் வருஷம் முன்பே அழிந்தும்விட்டது.

பெரிய பயம்: வெறிநாய்க்கடி

இப்போது செர்பெரஸின் நுரைக்கு வருவோம். நேற்று வரை வாலாட்டிய நாய் இன்று ஆளைத் தெரியாமல் பாய்கிறது. வாயில் நுரை. அது கடித்தவர் சில வாரமோ மாதமோ கழித்து, தண்ணீரைக் கண்டாலே நடுங்கி, வெறிபிடித்தது போல ஆகி இறந்துபோகிறார். கிருமி என்றால் என்னவென்று தெரியாத காலத்தில் இதை எப்படிப் புரிந்துகொள்வது? நாய்க்குள் வேறு ஏதோ புகுந்துவிட்டது என்றுதானே நினைக்கத் தோன்றும். மனிதன் ஓநாயாக மாறும் ஐரோப்பியக் கதைகளுக்கும் இந்த நோய் ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு.

கிரேக்கர்கள் இந்த வெறிக்கு ஒரு தேவதையையே வைத்திருந்தார்கள். பெயர் 'லிஸ்ஸா'. ஓநாயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு தொடர்புடையதாகக் கருதப்படும் பெயர். இன்றும் ரேபிஸ் கிருமியின் இனத்துக்கு அறிவியல் பெயர் 'லிஸ்ஸா வைரஸ்'. அந்தப் பழைய தேவதை ஆய்வுக்கூடம் வரை வந்துவிட்டாள்!

இந்த ராட்சதனை முதலில் அடக்கியவர் லூயி பாஸ்டர். 1885 ஜூலையில் வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்கு அவர் தடுப்பூசி கொடுத்தார். சிறுவன் பிழைத்தான். அடுத்த ஆண்டே ரஷ்யாவில் வெறிபிடித்த ஓநாய் கடித்த 19 பேர் பாரிசுக்குப் பயணம் செய்து அவரிடம் வந்தார்கள். 16 பேர் உயிரோடு ஊர் திரும்பினார்கள். தமிழ்நாட்டில் 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்டதும் இதே வெறிநாய்க்கடி சிகிச்சைக்காகத்தான்.

திருவண்ணாமலை மாவட்டத்துக் கல் சொல்வது என்ன?

இதுவரை பார்த்தது பயத்தின் கதை. ஆரணி இருக்கும் அதே திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் வட்டாரத்தைச் சேர்ந்த எடத்தனூரில் இதற்கு நேர் எதிரான கதை கல்லில் இருக்கிறது.

அது ஒரு நடுகல். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-வது ஆட்சி ஆண்டில் நடப்பட்டது. அதாவது சுமார் 1400 வருஷம் பழையது. கருந்தேவக்கத்தி என்ற வீரன் தன் எருமைகளுக்காகச் சண்டையிட்டு உயிர்விட்ட செய்தியை அது சொல்கிறது. அதோடு நிற்கவில்லை. 'கோவிவன்' என்ற நாய் கள்ளனைக் கடித்துக் காவல் காத்ததையும் கல்வெட்டு பதிவு செய்கிறது. வீரனின் உருவத்தோடு நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். சாதாரண மனிதர்கள் பல லட்சம் பேர் பெயரே இல்லாமல் போன காலத்தில், ஒரு கிராமத்து நாயின் பெயர் கல்லில் ஏறியிருக்கிறது!

பக்கத்து மாநிலத்திலும் ஒரு நாய்க்குக் கல் உண்டு. கர்நாடகத்தின் ஆதகூர் கல்வெட்டு. இதற்கும் நம்ம வட ஆற்காடு பகுதிக்கும் தொடர்பு இருக்கு. கி.பி. 949-ல் இன்றைய ராணிப்பேட்டை மாவட்டத்துத் தக்கோலத்தில் நடந்த போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் கொல்லப்பட்டான். எதிரணியில் போரிட்ட மணலேரன் என்ற வீரனிடம் "என்ன பரிசு வேணும்?" என்று கங்க மன்னன் பூதுகன் கேட்டான். அவன் கேட்டது 'காளி' என்ற வேட்டை நாயை. பிறகு ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதி, பன்றியும் காளியும் சேர்ந்தே செத்தன. காளிக்காகக் கல் நட்டு, நிலமும் விடப்பட்டது.

களவு போன மாட்டைத் தேடிப்போன சரமாவும், எருமைக்குக் காவல் நின்ற கோவிவனும் செய்தது ஒரே வேலைதான். மாடுதான் சொத்து என்றிருந்த காலத்தில், ஊர் எல்லையில் கள்ளனுக்கும் ஓநாய்க்கும் எதிரே முதலில் நின்றது நாய். நமக்கும் இருட்டுக்கும் நடுவில் நிற்பதுதான் நிஜ வாழ்க்கையில் அதன் இடம். கதையில் அந்த எல்லை கொஞ்சம் நீண்டு, உயிருக்கும் சாவுக்கும் நடுவே போய் நின்றுவிட்டது.

நம்ம சாமிகளைப் பார்த்தாலும் இது புரியும். சிவன் கோயில்களில் வடகிழக்குப் பக்கம் நாய் வாகனத்தோடு நிற்கும் பைரவர், கோயிலின் காவலர். ராத்திரி நடை சாத்தியதும் சாவியைப் பைரவர் சன்னதியில் வைக்கும் வழக்கம் பல கோயில்களில் உண்டு. ஊர் எல்லையில் நிற்கும் கருப்பசாமி, முனீஸ்வரன் அருகிலும் நாய் இருக்கும். வெளியே இருந்து வருகிறவனுக்குப் பயங்கரம், உள்ளே இருக்கிறவனுக்குப் பாதுகாப்பு.

ஜெர்மனியின் ஓபர்காசலில் சுமார் 14,000 வருஷம் பழைய கல்லறை ஒன்று கிடைத்தது. ஒரு ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாய்க்குட்டி. நோயில் கிடந்த அந்தக் குட்டியைச் சில வாரங்கள் யாரோ பராமரித்திருக்கிறார்கள் என்று அதன் பற்களை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். சாவுக்கு அந்தப் பக்கம் போகும்போதும் துணைக்கு நாய் வேண்டும் என்ற எண்ணம் அவ்வளவு பழையது.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

அந்த இரண்டு முகமும் இன்றும் நம்ம தெருவில் இருக்கு. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி ரேபிஸால் உலகில் ஆண்டுக்கு சுமார் 59,000 பேர் இறக்கிறார்கள். அதில் சுமார் 36 சதவீதம் இந்தியாவில். மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் நாய் மூலம் பரவுகிறது.

தெரு நாய்களை மொத்தமாகப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க டெல்லி பகுதிக்கு 2025 ஆகஸ்ட் 11-ல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 22-ம் தேதி அதை மாற்றியது. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. ரேபிஸ் பாதித்த நாய்களுக்கும் ஆக்ரோஷமான நாய்களுக்கும் இது பொருந்தாது என்று அந்த உத்தரவு சொன்னது. நாய் காவலனா, ராட்சதனா என்ற பழைய கேள்விதான் இப்போது கோர்ட் வரை வந்திருக்கு.

நாய் கடித்தால் இதை மட்டும் மறக்காதீங்க:

- காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள்.
- மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் வைக்காதீங்க. மந்திரிக்கப் போய் நேரத்தை வீணாக்காதீங்க.
- அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்க. தடுப்பூசி அங்கே இலவசம்.
- காயம் ஆழமாக இருந்தால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் தேவைப்படும். டாக்டரிடம் கேளுங்க.
- சொன்ன தேதியில் எல்லா ஊசியையும் போட்டு முடிங்க. அறிகுறி வந்த பிறகு காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம்.
- குழந்தைகள் சின்னக் கீறல் என்றாலும் திட்டுக்குப் பயந்து மறைப்பார்கள். பக்குவமாகக் கேட்டுப் பாருங்க.
- வீட்டு நாய்க்கும், நீங்கள் சோறு போடும் தெரு நாய்க்கும் தடுப்பூசி போடுங்க.

இன்று ராத்திரி தெருமுனை நாய் ஊளையிட்டால் எமன் வருகிறான் என்று பயப்பட வேண்டாம். அடுத்த தெரு நாய்க்கு அது ஏதோ சேதி சொல்கிறது. அதற்குத் தடுப்பூசி போட்டாச்சா என்று மட்டும் காலையில் விசாரியுங்கள். போட்டிருந்தால் உங்கள் தெருவில் இருப்பது ஒரு கோவிவன்.